அறுபத்து நாலு அங்குலத் துணி

மடக்கு மேசைக்கு அளவாகத் துணி தைத்துத் தர விருத்தாசலத்தில் ஆள் கிடையாது என்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிய வந்தது. ஜாக்கெட் தைப்பார்கள், யூனிபார்ம் தைப்பார்கள், பைக் சீட்டுக்கு உறை தைப்பார்கள். மேசைக்குத் துணி என்று கேட்டால் மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேல ஒரு பெட்ஷீட்ட விரிச்சி வுடுங்கக்கா" என்பார்கள். விரித்துத்தானே பட்டேன்.

நானும் என் கணவரும் ஒரே செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தோம். நான் பொம்மைகளுக்கு அச்சு செய்யும் மோல்டு ரூமில். அவர் மண் கலக்கும் மெஷினில். களிமண்ணும் வெள்ளைக்கல் தூளும் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற இடம். சூளையிலிருந்து வந்த வெள்ளைப் பொம்மைகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து வண்ணம் தீட்டி, கொலு சமயத்தில் ஸ்டால் போடுவோம். அதற்காக வாங்கியவைதான் அந்த நான்கு மடக்கு மேசைகள்.

போன வருஷம் நெய்வேலியில் ஸ்டால் போட்டிருந்தோம். மேசைமேல் விரித்த பெட்ஷீட்டின் தொங்கலில் ஒரு அம்மாவின் கைப்பைக் கொக்கி மாட்டிக்கொண்டது. அவள் பாட்டுக்கு நடந்தாள். பெட்ஷீட்டும் கூடவே நடந்தது. தசாவதார செட்டில் கூர்மம் மட்டும் பிழைத்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "துணிய ஒழுங்கா போடக்கூடாதா?" என்று என்னையே கேட்டுவிட்டுப் போனாள். இந்த வருஷம் நாலு மூலையும் தைத்து, தரைவரை தொங்கி, இழுத்தால் அசையாத துணிதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ஆவணி மாதம் முழுக்க நான் துணி துணி என்று அலைந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் கணவருக்கு இருமல். சளி இல்லாத வறட்டு இருமல், ஒரு வருஷமாக. சட்டையெல்லாம் தோளிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுக்கலாம் வாங்க என்றால், "கொலு முடியட்டும்" என்பார். கொலு முடிந்தால் தீபாவளி, தீபாவளி முடிந்தால் பொங்கல். அவரோடு அதே மெஷினில் நின்றவர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்த மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து என் கணவருக்கு ஒரு கணக்கு. "நல்லாதான் இருந்தான். படம் எடுத்தான், போயிட்டான்" என்பார். நோய் கொன்றதா, படம் கொன்றதா என்று நான் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இந்த மனுஷனை டாக்டரிடம் நகர்த்த என்னால் முடியவில்லை. ஒரு மேசைத் துணியையாவது அளவாக வாங்கிக் காட்டுகிறேனா இல்லையா பார் என்று இருந்தது எனக்கு. இயலாமை வந்தால் சிலர் அழுவார்கள். நான் ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு ஊரையே ஒரு வழி பண்ணிவிடுவேன்.

முதலில் போனில் ஆர்டர் போட்டேன். வந்தது கறுப்பு. ரப்பர் மாதிரி இழுபடும் துணி. மேசைமேல் மாட்டியதும் தோல் போல ஒட்டிக்கொண்டது; நான்கு கால்களும் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. அதன்மேல் பிள்ளையாரை வைக்கக் கை வரவில்லை. திருப்பி அனுப்பினேன்.

பிறகு, பந்தல், சேர், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன். கல்யாண ரிசப்ஷனில் மேசைக்குப் போடும் துணி அங்கே இருக்கும், அதைப் பார்த்து அதே மாதிரி தைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். கடைக்காரர், "இருக்குதேங்க" என்று என்னைப் பின்பக்க கோடவுனுக்கு அழைத்துப் போனார். ஒரு இரும்பு அலமாரியில் வெள்ளைத் துணிகள் அடுக்கியிருந்தன. நான்கு மூலையும் தைத்து, பட்டை வைத்து, நான் தேடியது அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்து மடியில் விரித்தேன். பன்னீர் வாடை அடித்தது. அதற்கடியில் சாம்பிராணி. துணி சில்லென்று இருந்தது. ஆவணி வெயிலில் தகரக் கூரைக்கடியில் ஒரு துணி எப்படிச் சில்லென்று இருக்கும் என்று யோசித்துக்கொண்டே, "இது எந்த மேசைக்குங்க?" என்றேன்.

"மேசைக்கும் போடுவோம், பெட்டிக்கும் போடுவோம்" என்றார் அவர்.

"எந்தப் பெட்டி?"

அவர் முகவாயால் எனக்குப் பின்னால் காட்டினார். திரும்பினேன். சுவரோரம் மூன்று ஐஸ் பெட்டிகள், கண்ணாடி மூடியோடு, வரிசையாக நின்றன. சாவு வீட்டில் வைப்பார்களே, அந்தப் பெட்டி. ஒன்றின் ஒயர் சுவிட்சில் மாட்டியிருந்தது. அது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, காலிப் பெட்டி.

"டெஸ்ட் பண்றோம்" என்றார் அவர். "துணியெல்லாம் டபுள் வாஷ்ங்க. பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. துணியை மடித்துக் கொடுத்துவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் கொல்லைப்புறமாகப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சத்தம் கேட்டு என் கணவர் வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் பொம்பளை ஒருத்தி வெளியே போய் வந்து, வீட்டுக்குள் வராமல் தலைக்கு ஊற்றினால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

"யாரு போயிட்டாங்க?" என்றார்.

"யாரும் போவல."

"பின்ன?"

நான் இன்னொரு வாளியை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவர் இருமிக்கொண்டே உள்ளே போனார்.

மங்கலம்பேட்டையில் ஒரு டெய்லர் இருப்பதாக யூனிட்டில் ஒருத்தி சொன்னாள். வெளிநாட்டுக்குப் போய் வருகிறவர்கள் வீட்டில் டைனிங் டேபிள், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அவர்தான் உறை தைப்பாராம். மேசையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா? அளவு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இஞ்சு டேப்பைத் தேடினேன். தேடும்போது அது என்றைக்குக் கிடைத்திருக்கிறது? வேலைக்குக் கொண்டுபோகும் பையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. இருபது வருஷமாக என் கையில் புழங்குகிற ஸ்கேல். மேசையை விரித்து, நகர்த்தி நகர்த்தி வைத்து அளந்தேன். நீளம் அறுபத்து நாலு, அகலம் இருபத்தேழு, உயரம் இருபத்தாறு.

ஆறடி மேசை என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். ஆறடி என்றால் எழுபத்திரண்டு வர வேண்டும். எட்டு அங்குலத்தை முழுங்கிவிட்டான் பார் என்று அந்தக் கடைக்காரனை மனதாரத் திட்டினேன். ஸ்கேல்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடைக்காரர்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

டெய்லர் பாய் என் அளவுகளை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகியவர், மறுபடி எடுத்து அந்த எண்களைத் தட்டினார்.

"ஏம்மா, இது மேசைக்குத்தானா?"

"மேசைக்குத்தான் பாய். ஏன்?"

"அறுவதுல மேசை வரும். எழுவத்திரண்டுல வரும். அறுவத்தி நாலுல நான் பாத்ததில்ல." அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆளு அளவால்ல இருக்குது."

எனக்குச் சுரீர் என்றது. "நான் என்னா, ஆளையா அளந்துட்டு வந்திருக்கேன்? பொம்மை வைக்கிற மேசை பாய்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மெஷினில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கோவிச்சிக்காதீங்கம்மா. வாய்தவறி வந்துடுச்சி. ஆனா நாலையும் வெட்ட வேணாம். ஒண்ணு தச்சித் தரேன். போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வெள்ளை காடாத் துணியில், கனமாக, பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் ஏறவில்லை. இழுத்துப் பார்த்தேன், தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், காய்ந்த பிறகு மறுபடி இழுத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு மேசை வெளியே நின்றது. வந்த ஆத்திரத்தில் துணியைச் சுருட்டிக் கட்டில்மேல் எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று அவர் லீவு போட்டிருந்தார். உடம்பு அசதியாக இருக்கிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். மதியம் அவருக்குச் சோறு போடலாம் என்று பன்னிரண்டரை மணிக்கு வந்தேன். தெருவில் ஒரு காக்கை குருவி இல்லை. சாலையில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே இருட்டு, வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டில் தெரிந்தது. கட்டில்மேல் அந்த வெள்ளைத் துணி தெரிந்தது.

துணிக்குள் ஆள் இருந்தது.

உச்சந்தலையில் ஒரு முனைத் தையல். உள்ளங்காலில் ஒரு முனைத் தையல். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் துணி தட்டையாக, சுருக்கமில்லாமல், அளவெடுத்துத் தைத்த மாதிரி. பக்கத்துத் தொங்கல்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நேராக இறங்கியிருந்தன. துணி அசையவில்லை.

நான் நிலைப்படியிலேயே நின்றேன். கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? அப்புறம் வாய் இருக்கும் இடத்தில் துணியில் ஒரு சின்னக் குழி விழுந்தது. விழுந்து, மேலே வந்தது.

"ஏங்க!"

துணிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "கச்சிதமா இருக்குது பாரு. மேசைக்கு எடுத்தியா, எனக்கு எடுத்தியா?"

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்து, இருமி முடித்து, "எதுல அளந்த?" என்றார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் கையில் திணித்தேன். வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏய், இது மோல்டு ரூம் ஸ்கேலு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண் சூளையில் வெந்தால் சுருங்கும். ஒன்பது அங்குலத்தில் ஓர் அங்குலம் போய்விடும். அதனால் அச்சு செய்கிறவர்கள் கையில் இருக்கும் ஸ்கேலில் ஓர் அங்குலம் என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதில் எட்டு அங்குலம் என்று அளந்து செய்த பொம்மை, வெந்து வரும்போது நிஜமாகவே எட்டு அங்குலம் இருக்கும். சுருங்கும் கணக்கு அந்தக் கோடுகளுக்குள்ளேயே இருக்கிறது. இருபது வருஷம் அதில் அளந்து அளந்து, அது வேறு ஸ்கேல் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்தத் தப்பு வராது.

"நெருப்புல போயிட்டு வந்தா என்னா அளவு இருக்குமோ, அந்த அளவுக்குத் துணி தச்சிருக்க" என்றார் அவர்.

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்றேன். அவர் சிரித்தார்.

இஞ்சு டேப்பில் அளந்து, பாயிடம் மறுபடி போய்ச் சரியான துணிகள் நான்கு தைத்து வாங்கிவிட்டேன். அவையெல்லாம் மேசைக்கு அப்படியே பொருந்தின. ஆனால் முதல் துணியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேசை கிடையாது. வெட்டித் தைக்கலாம் என்றால் கத்திரி வைக்க மனம் ஒப்பவில்லை.

அவர் அதை விடவில்லை. உடம்பு முடியாமல் பகலில் வீட்டில் இருக்கும் நாட்களில், சாப்பிட்டதும் அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு நீட்டிப் படுத்துவிடுவார். முகத்தையும் மூடிக்கொள்வார். "ஈ மொய்க்குது" என்பார். முகம் மூடி வெள்ளைத் துணியில் உயிரோடு இருக்கிற மனுஷன் படுப்பானா என்று நான் கத்துவேன். ஒளித்து வைத்தேன், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டார். துவைத்துக் கொல்லையில் காயப்போட்டேன். காடாத் துணி, கஞ்சி போட்டது, விறைத்துக்கொண்டது. கிணற்றடியிலிருந்து திரும்பிப் பார்த்தால் உச்சி வெயிலில், காற்று உள்ளே புகுந்து, நாலு மூலையும் விடைத்து, கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவுமில்லை. ஆனால் அவர் நீளம், அவர் அகலம். காற்று நின்றதும் உள்ளே இருந்தவர் இறங்கிப் போன மாதிரி சப்பென்று ஒட்டிக்கொண்டது. நான் பாதித் துணிகளைப் பிழியாமலேயே உள்ளே வந்துவிட்டேன்.

புரட்டாசி பிறந்து ஒரு மதியம். யூனிட்டில் கரண்ட் போய் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வழக்கம்போலக் கட்டிலில் வெள்ளையாக நீண்டு கிடந்தார். தூங்குகிறவரை ஏன் எழுப்ப வேண்டும் என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பார்வை தானாக வாய் இருக்கும் இடத்துக்குப் போனது. குழி விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. விழுந்த குழி நிமிர்வதற்குள் அடுத்தது விழுந்தது.

என்ன தோன்றியதோ, அந்தத் துணியோடு சேர்ந்து நானும் மூச்சு விட்டுப் பார்த்தேன். அது இறங்கும்போது இழுத்து, ஏறும்போது விட்டு. கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு அடைத்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். துணி நிறுத்தவில்லை.

எழுந்து போய்த் துணியை விலக்கினேன்.

அவர் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. உதடு ஊதா நிறம். வாய் திறந்து, கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் வந்தது வலி இல்லை. மாட்டிக்கொண்ட முழி.

"கெளம்புங்க" என்றேன். அவர் கொலு என்று ஆரம்பித்தார். "கொலுவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கெளம்புங்க" என்றேன். சட்டையை நானே மாட்டிவிட்டேன்.

கடலூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் என்ன வேலை என்று கேட்டார். தூள் உள்ளே போய்த் தங்கிவிட்டது என்றார். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இனிமேல் அந்த மெஷின் பக்கமே போகக்கூடாது என்றார். எவ்வளவு நாள் காப்பாற்றலாம் என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. பிறகு என் கணவரிடம், "படுத்தா மூச்சு வாங்குதா, உக்காந்தாலா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார். "படுத்தா தாங்க மாட்டேங்குது சார். உக்காந்தாதான் கொஞ்சம் வருது. ஆனா பகல்ல உக்காந்து மூச்சு வாங்கினா அது பாத்துடும். அதான் துணிய இழுத்து மூடிகிட்டு படுத்துக்குவேன். தூங்குறேன்னு நெனச்சிட்டு அது பாட்டுக்கு வேலையப் பாக்கும்."

அது என்றால் நான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என் வாழ்நாளில் வந்த எந்தக் கோபமும் அதற்குக் கால்தூசி பெறாது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வெளியே பார்த்தபடி திட்டினேன். யாரைக் கேட்டு மறைத்தீர்கள், என்னை என்ன என்று நினைத்தீர்கள், ஒரே வீட்டில் ஒரு வருஷம் என்னைக் குருடியாக்கி வைத்திருந்தீர்களே என்று திட்டினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்ந்துவிட்டார். குறிஞ்சிப்பாடி வந்தது, போனது. என் பக்கத்தில் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, வாயைத் திறந்து, எல்லாரும் கேட்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வடலூருக்குக் கொஞ்சம் முன்னால் என் முழங்கையைத் தொட்டார்.

"திட்டு" என்றார். மூச்சு வர நேரமாயிற்று. "என்னப் பாத்துகிட்டு திட்டு."

திரும்பினேன். விருத்தாசலம் வரும்வரை பார்த்துக்கொண்டேதான் திட்டினேன்.